வறுமையும் குழந்தைப் பருமனும்

குழந்தைகளின் ஊட்டம் என்றவுடன் இந்நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது பசியும் மெலிவுமே. 1975 அக்டோபர் 2-ஆம் நாள் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் தொடங்கப்பட்டபோதும், 1982-இல் தமிழ்நாட்டில் சத்துணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டபோதும், 1995-இல் தொடக்கப் பள்ளிகளுக்கான மதிய உணவுத் திட்டம் நாடு தழுவியதாக வந்தபோதும், திட்டமிடுவோரின் கண்முன் நின்றது எலும்பும் தோலுமான குழந்தையின் உருவமே. அக்கவலை சரியானது, இன்றும் அது தீர்ந்துவிடவில்லை. ஆனால் அதே தெருவில், பல வேளைகளில் அதே வீட்டில், இன்னொரு குழந்தையும் வளர்ந்து வருகிறது. அதன் வயிறு நிறைகிறது, உடல் பருக்கிறது, ஆனால் உயரம் வளரவில்லை, இரத்தத்தில் இரும்புச் சத்து சேரவில்லை. வருவாய் குறைந்த குடும்பங்களில் தோன்றி வரும் இப்புதிய சிக்கலை எவ்வாறு முன்கூட்டியே தடுப்பது என்பதே இவ்வுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

பருமன் செல்வந்தர் வீட்டு நோய் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆகவே ஏழைக் குடும்பங்களைக் குறித்து இக்கேள்வியை எழுப்புவதே பொருத்தமற்றது என்று சிலர் கருதக்கூடும். அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் உண்மை என்பதைப் புள்ளிவிவரங்களைக் கொண்டே முதலில் ஆராய வேண்டும்.

எண்கள் கூறும் செய்தி

2015-16-இல் நடந்த நான்காவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் உயரத்துக்கு மிஞ்சிய எடை கொண்டோர் 2.1 சதவிகிதம். 2019-21-இல் நடந்த ஐந்தாவது கணக்கெடுப்பில் இது 3.4 சதவிகிதமாயிற்று. இது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் நாட்டின் மக்கள் தொகையில் வைத்துப் பார்க்கும்போது, இத்தகைய குழந்தைகள் 35 இலட்சத்துக்குக் குறையமாட்டார்கள். அதே ஐந்தாவது கணக்கெடுப்பில் 35.5 சதவிகிதக் குழந்தைகள் வயதுக்கேற்ற உயரமின்றியும், 19.3 சதவிகிதத்தினர் உயரத்துக்கேற்ற எடையின்றியும், 67.1 சதவிகிதத்தினர் இரத்தசோகையுடனும் இருந்தனர். அதாவது, பழைய நோய் போகுமுன்பே புதிய நோய் வந்து சேர்ந்துவிட்டது.

வசதி மிக்க இல்லங்களில்தான் பருமன் இன்றும் கூடுதலாக உள்ளது என்பது உண்மையே. ஆயினும் மற்ற நாடுகளின் அனுபவம் எச்சரிக்கை தருகிறது. நாட்டின் வருவாய் உயர உயர, பருமன் மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறங்குகிறது. இங்கிலாந்தில் மிகவும் பின்தங்கிய வட்டாரங்களின் பள்ளிக் குழந்தைகளிடையே பருமன், வளமான வட்டாரங்களில் உள்ளதைப்போல் இரு மடங்குக்கும் மேலாக உள்ளது. அமெரிக்காவிலும் குறைந்த வருவாய்க் குடும்பங்களின் குழந்தைகளே இதற்குப் பெரிதும் ஆளாகின்றனர். ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியம் 2025-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் 5 முதல் 19 வயது வரையுள்ளோரில் பருமன் கொண்டோர் 9.4 சதவிகிதம், எடை குறைந்தோர் 9.2 சதவிகிதம். வரலாற்றில் முதன்முறையாகப் பருமன் மெலிவை முந்தியுள்ளது. தெற்காசியாவில் நிலைமை இன்னும் அவ்வாறு மாறவில்லை. தடுப்பதற்கு இந்தியாவுக்கு எஞ்சியுள்ள காலம் இதுவே.

மெலிந்து பிறந்து, பின்னர் பருத்தல்

வறுமைக்கும் பருமனுக்கும் உள்ள தொடர்பு தாயின் வயிற்றிலேயே தொடங்குகிறது. புனே நகரை அடுத்த ஆறு கிராமங்களில் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அவருடைய குழுவினரும் 1993 முதல் மேற்கொண்ட ஆய்வு இதனை விளக்குகிறது. அக்கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, ஒப்பிடப்பட்ட இங்கிலாந்துக் குழந்தைகளின் எடை 3.5 கிலோ. புனேக் குழந்தைகளின் தசை, வயிற்றுப் பகுதி ஆகியவை மிகவும் சிறுத்திருந்தன. ஆனால் தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. புறத்தோற்றத்தில் மெலிந்த குழந்தை, தன் உடலமைப்பில் கொழுப்பு மிகுந்த குழந்தையாக இருந்தது.

1969 முதல் 1972 வரை தெற்கு தில்லியில் பிறந்தவர்களை இளமைப் பருவம் வரை தொடர்ந்து கண்காணித்த மற்றோர் ஆய்வின் முடிவுகள் 2004-இல் வெளியாயின. 26 முதல் 32 வயதுக்குள் நீரிழிவோ அதன் முன்நிலையோ கண்டவர்கள், இரண்டு வயது வரை மெலிந்திருந்து, அதன்பின் விரைவாக எடை கூடியவர்கள் என்று அது கண்டது. அவர்களுள் ஒருவரும் பன்னிரண்டு வயதில் பருமன் என்ற வரையறைக்குள் வரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கண்ணுக்குப் பருமனாகத் தெரியும் வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும் என்பதே இதன் பொருள். 2016-18-இல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், 10 முதல் 19 வயதுள்ளோரில் மிகை எடை கொண்டோர் 5 சதவிகிதமே; ஆனால் நீரிழிவின் முன்நிலையில் இருந்தோர் 10 சதவிகிதம்.

ஆகவே, ஏழைக் குழந்தையின் பருமன் மிகுதியாக உண்பதால் மட்டும் வரும் கேடன்று. உரிய காலத்தில் உரிய உணவு கிடைக்காமையும், பின்னர் கிடைக்கும் உணவு வெறும் மாவும் எண்ணெயும் சர்க்கரையுமாக இருப்பதும் சேர்ந்து விளைவிப்பதே அது. இதைத் தடுக்கும் வழி குழந்தையின் தட்டிலிருந்து உணவைக் குறைப்பதன்று. தட்டில் இருப்பதை மாற்றுவதாகும்.

ஐந்து ரூபாய்ப் பொட்டலம்

மாநகரங்களின் ஓரங்களிலுள்ள குடியிருப்புகளில் கட்டட வேலைக்கோ வீட்டு வேலைக்கோ செல்லும் ஒரு தாயின் காலை நேரத்தை எடுத்துக்கொள்ளலாம். பொழுது விடியுமுன் குழாயடியில் வரிசை; ஏழு மணிக்குள் வேலைக்குப் புறப்பாடு. அடுப்பு மூட்டிக் குழந்தைக்கென்று தனியாகச் சமைக்க நேரமில்லை. தெருமுனைக் கடையில் ஐந்து ரூபாய்க்குப் பிஸ்கட்டோ உருளைக்கிழங்கு வறுவலோ கிடைக்கிறது. அது கெடாது, சமைக்க வேண்டாம், குழந்தை அழாமல் உண்ணும். எந்தப் பொருளை வாங்கினால் குறைந்த காசில் விரைவாக வயிறு நிறையும் என்று பார்த்தால், தாய் எடுக்கும் முடிவு பகுத்தறிவுக்கு உட்பட்டதே. அறியாமை என்றோ சோம்பல் என்றோ அதைக் குறைகூறுவது நியாயமன்று. பழம், பயறு, முட்டை, பால், கீரை ஆகியவை கலோரிக் கணக்கில் விலை மிக்கவை. எண்ணெயும் சர்க்கரையும் மைதாவும் மலிவானவை.

குடும்பச் செலவுக் கணக்கும் இதையே காட்டுகிறது. 2022-23-ஆம் ஆண்டின் வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வில், பானங்கள், சிற்றுண்டிகள், பதப்படுத்திய உணவுகள் ஆகியவற்றுக்கான செலவு நாட்டுப்புறங்களில் மொத்தச் செலவில் 9.62 சதவிகிதமாகவும் நகரங்களில் 10.64 சதவிகிதமாகவும் இருந்தது. தேநீரும் வெளியே வாங்கும் சமைத்த உணவும் இதில் அடங்கும் என்றாலும், உணவுப் பிரிவுகளுள் இதுவே மிகப் பெரியது.

ஓர் எளிய கணக்கு இங்கே பயன்படும். நான்கு முதல் ஆறு வயதுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,360 கலோரி தேவை. சேர்க்கப்படும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவிகிதத்துக்குக் குறைவாகவும், இயன்றால் 5 சதவிகிதத்துக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதன்படி உச்ச அளவு 34 கிராம். விரும்பத்தக்க அளவு 17 கிராம். 250 மில்லி லிட்டர் இனிப்புப் பானம் ஒரு புட்டியில் சர்க்கரை 26 கிராம் அளவுக்கு இருக்கிறது. ஒரே புட்டி, ஒரு நாளுக்குரிய விரும்பத்தக்க அளவைத் தாண்டிவிடுகிறது.

எடை மட்டும் போதாது

திட்டங்களின் நடைமுறையில் உடனே திருத்தத்தக்கது அளவெடுக்கும் முறை. அங்கன்வாடிகளில் நெடுங்காலம் வயதுக்கேற்ற எடை ஒன்றே வளர்ச்சி அட்டையில் குறிக்கப்பட்டு வந்தது. எடை குறைந்த குழந்தைக்குக் கூடுதல் உணவு என்பது எளிய விதி. ஆனால் அக்குழந்தை குட்டையாக இருப்பதால் எடை குறைந்திருக்கலாம். அதன் உயரத்துக்கு எடை போதுமானதாகவே இருக்கலாம். அத்தகைய குழந்தைக்கு மாவும் சர்க்கரையும் கலந்த உணவை மட்டும் கூடுதலாகத் தந்தால் எடை கூடும், உயரம் கூடாது. அதற்குத் தேவை புரதமும் நுண்சத்துக்களும், வயிற்றுப்போக்கைத் தடுக்கும் தூய குடிநீருமே.

2018-இல் தொடங்கிய ஊட்டச்சத்து இயக்கத்தின் கீழ் எடைக் கருவிகளோடு உயரம் அளக்கும் கருவிகளும் அங்கன்வாடிகளுக்கு வழங்கப்பட்டுள்ளன. 2021 முதல் பதிவுகள் கைப்பேசிச் செயலி வழியே செய்யப்படுகின்றன. அளவு சரியாக எடுக்கப்பட்டு, அதன் பொருள் தாய்க்கு விளக்கப்பட்டால்தான் இக்கருவிகளால் பயனுண்டு. பணியாளர் ஒருவரே சமைத்து, கற்பித்து, வீடு வீடாகச் சென்று, பதிவும் செய்யும் நிலையில், கணக்கு நிரம்பி அறிவுரை குறையும் அபாயம் உள்ளது. மேற்பார்வை அலுவலர்கள் இதனைக் கண்காணிக்க வேண்டும்.

சிலி நாட்டின் அனுபவம் இங்கே கருதத்தக்கது. அந்நாடு குழந்தைகளின் சத்துக்குறைவை வெற்றிகரமாகக் குறைத்தது. ஆனால் சத்துக்குறைவு பெருமளவு நீங்கிய பின்னரும் உணவுத் திட்டங்கள் பழைய கலோரி அளவிலேயே தொடர்ந்தன. குழந்தைகளிடையே பருமன் உயர்ந்தது. பின்னர் அந்நாடு பாலர் பள்ளி உணவின் கலோரியைக் குறைக்க நேர்ந்தது. 2016-இல் சர்க்கரையும் கொழுப்பும் உப்பும் மிகுந்த பொருள்களின் உறைமேல் கருப்பு எச்சரிக்கை முத்திரையைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் கலோரியைக் குறைக்கும் வேளை வரவில்லை. ஆனால் கலோரியை மட்டுமே இலக்காகக் கொள்ளும் வேளை கடந்துவிட்டது.

முதல் ஆயிரம் நாட்கள்

கருவுற்றது முதல் குழந்தையின் இரண்டாவது பிறந்தநாள் வரையிலான ஆயிரம் நாட்கள், மெலிவுக்கும் பருமனுக்கும் ஒருசேரத் தடைபோடும் காலம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே பெறும் குழந்தைகள் நாட்டில் 64 சதவிகிதம். இது முன்னேற்றமே. ஆனால் 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் போதிய அளவும் வகையும் கொண்ட உணவு பெறுவோர் 11.3 சதவிகிதம் மட்டுமே. தாய்ப்பாலிலிருந்து வீட்டு உணவுக்கு மாறும் இக்காலத்தில்தான் இனிப்புப் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக் கொடுக்கும் வழக்கம் நுழைகிறது. நாவின் சுவைப் பழக்கமும் அப்போதே உருவாகிறது.

தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளை விளம்பரப்படுத்துவதை 1992-ஆம் ஆண்டுச் சட்டமும் 2003-ஆம் ஆண்டுத் திருத்தமும் தடை செய்கின்றன. 2017-இல் மகப்பேறு விடுப்பு 26 வாரமாக உயர்த்தப்பட்டது. ஆனால் கூலி வேலை செய்யும் பெண்களில் பெரும்பாலோர்க்கு அது எட்டாதது. அவர்களுக்கு வேண்டியது வேலையிடத்துக்கு அருகில் குழந்தைக் காப்பகம். அங்கன்வாடியுடன் காப்பகத்தை இணைக்கும் முயற்சி இப்போது நடைபெறுகிறது. காப்பகம் திறக்கப்படும் இடத்தில் பொட்டல உணவின் தேவை தானே குறையும்.

பள்ளி உணவும் நியாயவிலைக் கடையும்

பள்ளி மதிய உணவு, பருமனைத் தடுப்பதற்கு அரசிடம் உள்ள மிகப் பெரிய கருவி. தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய் என்பது விதி. இதனால் 450 கலோரியும் 12 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும். இவ்விதியில் குறையில்லை. காய்கறி விலை ஏறும் மாதங்களில் குழம்பு நீர்த்துப்போய்த் தானியம் மட்டும் எஞ்சுவதே குறை. 50 கிராம் காய்கறி நாள்தோறும் தட்டில் விழுகிறதா என்று பார்ப்பது, தலைமையாசிரியரும் பெற்றோரும் செய்யக்கூடிய எளிய சோதனை. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டம் மற்றொரு வகையில் முக்கியமானது. ஐந்து ரூபாய்ப் பொட்டலம் நுழையும் அதே காலை வேளையில் அது சூடான உணவை வைக்கிறது.

இல்லத்து உணவைப் பொறுத்தவரை, பொது விநியோகத் திட்டத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் 2023 முதல் விலையின்றி வழங்கப்படுகிறது. அதனால் பசி தடுக்கப்படுகிறது. ஆனால் நாடு முழுவதற்குமான அந்த உரிமையில் பருப்பும் காயும் இல்லை. இமாச்சலப் பிரதேசம், தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் பருப்பையும் மானிய விலையில் தருகின்றன. இதனை மற்ற மாநிலங்களும் பின்பற்றினால், கேழ்வரகு, கம்பு, சோளம் ஆகியவற்றையும் விளையும் பகுதிகளிலேயே வாங்கி வழங்கினால், ஏழை வீட்டுத் தட்டின் தன்மையே மாறும்.

விளையாட இடம்

உணவு ஒரு பாதி. உடல் உழைப்பு மறு பாதி. பள்ளி வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 60 நிமிடமாவது உடலியக்கம் வேண்டும் என்றும், இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தை திரைமுன் ஒரு மணி நேரத்துக்கு மேல் அமரலாகாது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஒற்றை அறை வீட்டில், வாகனங்கள் விரையும் சந்தில், பெற்றோர் வேலைக்குச் சென்றுவிட்ட பிற்பகலில் குழந்தை எங்கே ஓடும்? கைப்பேசியே அதற்குக் காவலாளியும் விளையாட்டுத் தோழனும் ஆகிவிடுகிறது. பெண் குழந்தையின் நிலை இன்னும் கடினம். வெளியே விடவே அஞ்சுகின்றனர். ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டிடம் வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் விதித்துள்ளது. அவ்விடத்தைப் பள்ளி நேரத்துக்குப் பின்னும் அவ்வட்டாரக் குழந்தைகளுக்குத் திறந்துவிட நகராட்சிகளும் ஊராட்சிகளும் ஏற்பாடு செய்யலாம். இதற்குப் புதிய நிதி அதிகம் தேவையில்லை. ஒரு காவலாளியும் ஒரு விளக்குமே போதும்.

சட்டமும் விலையும்

பள்ளி வளாகத்திலும் அதன் வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளை விற்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு, தர ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. செயற்கை முறையில் உண்டாகும் திரிபுக் கொழுப்பின் அளவு 2022 ஜனவரி முதல் 2 சதவிகிதத்துக்குள் கட்டுப்படுத்தப்பட்டது. சர்க்கரையின் அளவைக் காட்டும் பலகைகளை வைக்குமாறு மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2025-இல் தன் பள்ளிகளைக் கேட்டுக்கொண்டது. இவையனைத்தும் நல்லவை. ஆனால் பள்ளி வாயிலில் தள்ளுவண்டி வைத்திருப்பவரும் ஏழையே. அவரைத் துரத்துவதைவிட, வேகவைத்த கடலை, சுண்டல், வாழைப்பழம், முட்டை ஆகியவற்றை விற்க அவருக்குச் சிறுகடன் உதவி செய்வது இரு குடும்பங்களுக்கும் நன்மை தரும்.

விலைக் கொள்கையிலும் கவனம் வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் காற்றேற்றிய இனிப்புப் பானங்களுக்கான சரக்கு, சேவை வரி 40 சதவிகிதம்; அதே நாளிலிருந்து பிஸ்கட், சாக்லேட், பொட்டல நொறுக்குத்தீனி ஆகியவற்றின் வரி 5 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. குடும்பச் செலவில் இது ஆறுதலே. ஆயினும் குழந்தைகளின் உணவில் இதன் விளைவு என்ன என்பது தொடர்ந்து அளக்கப்பட வேண்டும்.

செய்யத்தக்கவை

இல்லத்தில் செய்யக்கூடியவை சில உண்டு. தாகத்துக்குத் தண்ணீரும் மோரும் தருதல். நல்ல செயலுக்குப் பரிசாக இனிப்புப் பொட்டலம் தராதிருத்தல். வறுத்த கடலை, வேர்க்கடலை, முளைகட்டிய பயறு ஆகியவற்றைச் சற்று வளர்ந்த பிள்ளைகளுக்குக் கையில் கிடைக்கும்படி வைத்தல். போதும் என்று குழந்தை முகம் திருப்பினால் மேலும் திணிக்காதிருத்தல். கொழுகொழுவென்று இருந்தால்தான் ஆரோக்கியம் என்ற எண்ணத்தை விடுதல். இவற்றைக் கூறும்போது பருத்த குழந்தையை ஏளனம் செய்வதோ தாயைக் குற்றவாளியாக்குவதோ கூடாது. அவமானத்துக்கு அஞ்சும் தாய் அடுத்த மாதம் அங்கன்வாடிக்கு வரமாட்டார்.

ஆனால் அறிவுரையோடு கடமை முடிந்துவிடாது. ஐந்து ரூபாயில் பொட்டலத்தைவிட நல்லது கிடைக்கும் நிலை, தாய் வேலைக்குச் செல்லும்போது குழந்தையை விட்டுச்செல்ல ஓர் இடம், ஓடி விளையாட ஒரு திடல், தானியத்தோடு பருப்பும் தரும் நியாயவிலைக் கடை ஆகியவை அமைந்தால்தான் அறிவுரை பலிக்கும். இவை ஒவ்வொன்றும் மெலிந்த குழந்தைக்கும் உதவும். பருத்த குழந்தைக்கும் உதவும். இரண்டுக்கும் இரு தனித் திட்டங்கள் தேவையில்லை. இருக்கும் திட்டங்களில் எடையோடு உயரத்தையும், கலோரியோடு சத்தையும், உணவோடு விளையாட்டையும் சேர்த்துப் பார்க்கும் அலுவலர்களும், அவர்களிடம் அக்கேள்விகளைக் கேட்கத் தெரிந்த இளைஞர்களுமே தேவை.